சனி நகராத சாயங்காலம்

செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள் தம்பி. படி கொஞ்சம் செங்குத்து, சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டைத் திறந்து காட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. உங்கள் சாமான்களில் நீளமாக, குழாய் மாதிரி, மூன்று கால் வைத்து நிறுத்துகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

இல்லையா. சரி. கேட்டுக்கொள்வது நல்லது இல்லையா, அதற்காகக் கேட்டேன். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இதற்கு முன்னால் இருந்த அம்மாவும் அப்படித்தான் சொன்னார். வேன் வந்து நின்றபோது பார்த்தால், போர்வை சுற்றிக் கயிறு கட்டி ஆள் உயரத்துக்கு ஒன்றை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு படியேறுகிறார்கள். என்னம்மா இது என்றேன். வானம் பார்க்கிறது சார் என்றார். வானத்தைப் பார்க்கக் குழாய் எதற்கம்மா, தலையைத் தூக்கினால் தெரிந்துவிட்டுப் போகிறது என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

இதுதான் கூடம். அது சமையலறை. குழாயைத் திறந்து பாருங்கள், நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். பார்த்தீர்களா, தண்ணீர் எப்படி வருகிறது. எதையும் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். நான் அப்படித்தான். யாரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. சந்தேகப் பேர்வழி என்று தெருவில் சொல்வார்கள், உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அது குணம் இல்லை தம்பி, உத்தியோகம். முத்திரை ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. ஏகாம்பரம் வருகிறான் என்றால் திண்டிவனம் மார்க்கெட்டில் பாதித் தராசு சாக்குக்குள் போய்விடும். தட்டுக்கு அடியில் புளியை உருட்டி ஒட்டியிருப்பான் ஒருத்தன். எடைக்கல்லின் வயிற்றிலிருந்து ஈயத்தைச் சுரண்டிவிட்டு மெழுகை அடைத்திருப்பான் இன்னொருத்தன். எண்ணெய் அளக்கிற லிட்டருக்குள் இன்னொரு அடித்தகடு இருக்கும். நான் எதையும் மேலாகப் பார்க்கவே மாட்டேன். கையில் எடுத்ததும் திருப்பி அடியைப் பார்ப்பேன். ரிட்டயர் ஆகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிப் பார்த்தேன் என்று என் பெண் தாரணி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்படிப்பட்ட என் தலைக்கு மேலேதான் அந்த அம்மா அந்தக் குழாயைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பெயர் இசக்கியம்மாள். தென்காசிப் பக்கம். நாற்பதைத் தொடுகிற வயது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டதற்கு, நேரம் வரவில்லை சார் என்றார். ஜோசியத்தை நம்பாதவர் பேசுகிற பேச்சா இது, சொல்லுங்கள். பகல் முழுக்க ஒரு கண்ணாடியில் ரத்தம் பார்ப்பது, பொழுது சாய்ந்தால் மொட்டை மாடியில் இன்னொரு கண்ணாடியில் வானம் பார்ப்பது. இரண்டு கண்ணையும் திறந்து அந்த அம்மா எதையும் பார்த்து நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டைப் பார்க்கிறாரோ என்றுதான் முதலில் எனக்குச் சந்தேகம். அவர் வேலைக்குப் போயிருந்தபோது ஒருநாள் ஏறிப்போய்க் குனிந்து பார்த்தேன். ஒரே இருட்டு. அப்புறம்தான் தெரிந்தது, முன்பக்கம் மூடி போட்டிருந்தது. மூடி போட்டு வைக்கிறார் என்றால் உள்ளே மறைப்பதற்கு என்னவோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? தாரணியிடம் சொன்னேன். தூசி படாமல் இருக்கப்பா என்றாள். அவள் அதற்குள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

தாரணி எனக்கு ஒரே பெண். அவள் பத்தாவது படிக்கும்போது அவள் அம்மா தவறிவிட்டாள். அன்றிலிருந்து நானும் அவளும்தான், அப்புறம் டிவி. என்ஜினியரிங் முடித்துவிட்டு நாலு வருஷம் வீட்டுக்குள் உட்கார்ந்து பரீட்சை பரீட்சையாக எழுதினாள். போன ஐப்பசியில் ஆர்டர் வந்தது. மத்திய அரசு வேலை, நாக்பூரில். தெருவுக்கே லட்டு கொடுத்தேன். நான் அவளைப் போக விடாத அப்பன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போகட்டும் என்றுதான் நினைத்தேன். நேரம் பார்த்துப் போகட்டும் என்றேன், அவ்வளவுதான்.

அவள் தனுசு ராசி. ஏழரைச் சனியின் கடைசிக் காலம். காலை ஏழு மணிக்கு டிவியில் மஞ்சள் ஜிப்பா போட்டுக்கொண்டு ஒருத்தர் வருவாரே, பார்ப்பீர்களா? பார்க்க வேண்டும் தம்பி. மற்ற ஜோசியர்கள் மாதிரி இல்லை. பின்னால் வானமே சுழலும். சனி எப்படி இருக்கும் என்று அவர்தான் முதன்முதலில் எனக்குக் காட்டினார். நீலமாக, திரை நிறைய, சுற்றிலும் நெருப்பு வளையம், உறுமிக்கொண்டே திரும்பும். அவர் சொன்னார், சனி ஒரு கட்டத்தை விட்டுப் போகும்போது சும்மா போகாது, ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகும், தனுசு ராசி நேயர்கள் பெயர்ச்சி முடிகிறவரைக்கும் வடக்கே பயணம் வைக்காதீர்கள் என்று. நாக்பூர் எந்தத் திசை? அப்புறம் நான் எப்படி அனுப்புவேன்?

ஏமாற்றுகிறவன் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான். என் அனுபவத்தில் கண்ட உண்மை இது. தட்டுக்கு அடியில் புளி ஒட்டியவன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டுதான் எடை போடுவான். அந்த மஞ்சள் ஜிப்பாக்காரர் தினமும் காலையில் என் கண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

வேலையில் சேர அவகாசம் கேட்டு எழுதச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதினாள். மார்கழி பத்துக்குள் வந்து சேர வேண்டும், இனிமேல் நீட்டிக்க முடியாது என்று பதில் வந்தது. பெயர்ச்சி மார்கழி நாலு, சாயங்காலம் ஐந்து இருபதுக்கு. பொருந்தி வந்துவிட்டது, பார்த்தீர்களா? மறுநாள் காலை வண்டிக்கு நானே டிக்கெட் எடுத்தேன். சனி கட்டத்தைத் தாண்டட்டும், நீ ரயிலேறு என்றேன். அவளும் சரி என்றாள். அத்தோடு எல்லாம் சுமுகமாக முடிந்திருக்க வேண்டியது.

ஒருநாள் ரிமோட்டை எடுத்து வேறு சேனலைப் போட்டாள். அதில் ஒரு காவிச் சட்டைக்காரர் சனிப்பெயர்ச்சி போன தையிலேயே ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அது வேறு பஞ்சாங்கமாம். தாரணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, இவர் கணக்குல நான் தையிலேருந்தே ஃப்ரீ. வீணா உட்கார வச்சிட்டீங்களே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு தராசு இரண்டு எடை காட்டினால் என்ன செய்ய வேண்டும்? ஒன்று பொய். எது பொய் என்று தராசைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆபீசில் பூட்டி வைத்திருக்கிற மூல எடையை எடுத்து வந்து தட்டில் வைக்க வேண்டும். அதுதான் முறை. இதை நானே அவளிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் உடனே, மூல எடை மேலேதானேப்பா இருக்கிறது, மாடிக்கு வாங்க, இசக்கி அக்காவைக் காட்டச் சொல்கிறேன் என்றாள். பெயர்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் அது.

நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்தானே? சனீஸ்வரனுக்கு நேராக நின்று கும்பிடுவீர்களா? மாட்டீர்கள். பக்கவாட்டில் நின்றுதான் கும்பிடுவீர்கள். அவர் பார்வை நேரே விழக்கூடாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் மாடிக்குப் போய் அந்த அம்மாவிடம், குழாயைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், நான் ஓரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். தாரணியைப் பார்த்தார்.

"குழாய்க்குள்ள ஓரமா எப்படி சார் பாக்க முடியும்? நேராப் பாருங்க. அவரு அங்கன இருந்து எட்டிக் கடிச்சிரவா போறாரு?"

சனியைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது. டிவியில் சொன்னதை எடுத்துச் சொன்னேன். சனீஸ்வரன் கோயிலுக்கு நேர் மேலே வந்தால் விஞ்ஞானிகள் விட்ட விண்கலமே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறதாம், அவ்வளவு சக்தி என்றேன். அந்த அம்மா குழாயைத் திருகிக்கொண்டே, "நின்னா விழுந்துருமே சார்" என்றார். தாரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அந்த ரோஷத்தில்தான் தம்பி, சனீஸ்வரா காப்பாற்று என்று மனசுக்குள் சொல்லிவிட்டுக் குனிந்து நேராகப் பார்த்தேன்.

என்ன பார்த்தேன் என்கிறீர்கள்?

ஒரு எள்ளு. ஒரு வெள்ளை எள்ளு, அதைச் சுற்றிப் பொடி வளையம். நீலம் இல்லை, நெருப்பு இல்லை, சத்தம் இல்லை. அசையாமல் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் மூலையில் சின்னப் பொட்டு ஒட்டுவார்களே, அப்படி. இத்தனை பெரிய குடும்பங்களைக் கவிழ்க்கிற சனி இவ்வளவுதானா? டிவியில் பார்த்ததற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்டிக்கர்.

நிமிர்ந்து, குழாயின் முன்பக்கம் போய்க் கையை விட்டுத் தடவினேன். அந்த அம்மா துடித்துப்போய்விட்டார், சார் கண்ணாடியில் கை வைக்காதீங்க என்று. கையை வைத்தால் ஏன் பதற வேண்டும்? மார்க்கெட்டில் நான் தட்டைத் திருப்பும்போது இப்படித்தான் பதறுவார்கள். அடிப்பக்கம் பார்த்தேன், மூட்டுகளைப் பார்த்தேன், மோந்துகூடப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அவர் குழாயை லேசாகத் தள்ளிக் காட்டினார். சனி நழுவி ஓடிவிட்டது. "ஸ்டிக்கர்னா கூடவே வரும்லா சார்" என்றார். இப்போதெல்லாம் எவ்வளவோ நல்ல ஸ்டிக்கர் வருகிறது, யார் கண்டது.

இருந்தாலும் நான் சோதனையைப் பாதியில் விடுகிறவன் இல்லை. குழாய் வேண்டாம், வெறும் கண்ணுக்கு எது சனி என்று காட்டுங்கள் என்றேன். தென்மேற்கில் சிமிட்டாமல் ஒரு மஞ்சள் புள்ளி. அதைக் காட்டினார். நேராகப் பார்க்கப் பிடிக்காவிட்டால் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள், மங்கலான நட்சத்திரமெல்லாம் ஓரக்கண்ணுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்றும் சொன்னார். அதையாவது ஒழுங்காகச் சொன்னார். பின்வீட்டுக்காரர் மாடியில் கறுப்புத் தண்ணீர் டேங்க் இருக்கிறது பாருங்கள், அதன் மூடிக்கு மேலே புள்ளி நின்றது. நான் நின்ற இடத்தில் சாக்பீஸால் என் இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போட்டேன். டிவியில் ஏழு மணிச் செய்தி ஆரம்பிக்கிற நேரம். நாளைக்கு இதே நேரம், இதே பாதத்தில் நின்று பார்ப்பேன், தாண்டினாரா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றேன்.

இசக்கியம்மாள் என்னவோ சொல்ல வந்தார். வானத்தில் கட்டமெல்லாம் இல்லை சார், அது மெதுவாக நடந்துகொண்டே இருக்கிறது, விழுப்புரம் மாவட்டத்தைத் தாண்டும்போது பஸ் குதிக்கவா செய்கிறது என்று. அங்கே போர்டு இருக்கிறதம்மா என்றேன். அவர் குழாய்க்கு மூடியை எடுத்து மாட்டினார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து டிவியில் கடிகாரம் ஓடுகிறது. நான் காலையிலேயே கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டேன், பக்கவாட்டில் நின்றுதான். காக்கைக்குச் சோறு வைத்தேன். தாரணி பெட்டி கட்டினாள். வருஷக்கணக்காகப் பாடாத பெண், என்னவோ பாடிக்கொண்டே கட்டினாள். நான் புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் செய்து பாட்டிலில் அடைத்துக் கொடுத்தேன். ஐந்து இருபது ஆனது. திரையில் பன்னிரண்டு கட்டம். மகரத்தில் உட்கார்ந்திருந்த சனி உறுமினார், எழுந்தார், ஒரே பாய்ச்சல். கும்பத்தில் போய் டமால் என்று இறங்கினார். புகை வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தாரணி எனக்குப் பின்னால் நின்று, "முடிஞ்சுதாப்பா? நான் போலாமா?" என்றாள். இரு, ஒரு தடவை சோதித்துவிடுகிறேன் என்றேன்.

இரு என்று சொன்னது தப்பா தம்பி? முத்திரை குத்துவதற்கு முன்னால் ஒரு தடவை தட்டில் வைத்துப் பார்ப்பதில்லையா?

இருட்டியதும் மேலே வந்தேன். பாதத்தில் பாதம் வைத்து நின்றேன். பார்த்தேன்.

டேங்க் மூடிக்கு மேலே புள்ளி. அதே இடம். ஒரு விரற்கடைகூட நகரவில்லை. அந்தப் பாய்ச்சலுக்கு அவர் தெருக்கோடியில் இருக்கிற செல்போன் டவரைத் தாண்டி அல்லவா போயிருக்க வேண்டும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்படியே நிற்கிறார். என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. டிவியில் உலகத்துக்கெல்லாம் தாண்டிவிட்டார். இங்கே தாண்டவில்லை. ஏன்? முந்தின நாள் நான் நேருக்கு நேர் பார்த்தேன். விண்கலத்தையே நிறுத்துகிறவர், பார்த்தவனைப் பார்த்து நின்றுவிட்டார். பார்க்க வைத்தது யார்? குழாயைச் சாய்க்கச் சொன்னேனே, சாய்த்தாரா?

கீழே வந்து சொன்னேன். சனி இன்னும் தாண்டவில்லை, என் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன், நாளைக்குப் போக வேண்டாம் என்று. தாரணி பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"டிவில தாண்டினார்னு பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். வானத்துல தாண்டலியே."

"அப்போ டிவி பொய்."

"டிவி எப்படிம்மா பொய் சொல்லும்? ஊரே பார்க்குது."

அவள் எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "அப்பா, இந்த ஊர்ல இருக்கிற எல்லா எடைக்கல்லையும் திருப்பி அடியைப் பார்த்தீங்க. கல்யாணச் சாப்பாட்டுத் தட்டைக்கூட விடலை. ஒரு நாளாவது இந்த டிவியைத் திருப்பிப் பார்த்தீங்களா?" என்றாள்.

என்ன கேள்வி இது? வாயில் வந்தது ஒன்றே ஒன்று, நீ போனால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்பது. அதற்கும் சனிக்கும் சம்பந்தம் இல்லை என்பதால் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல டிவி முன்னால் உட்கார்ந்தேன். மஞ்சள் ஜிப்பாக்காரர் புது ஜிப்பாவில் வந்தார். என் கண்ணைப் பார்த்தார். தனுசு ராசி நேயர்களே, இன்று முதல் உங்களுக்கு முழு விடுதலை, தடைப்பட்ட பயணங்களைத் தாராளமாகத் தொடங்கலாம் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரே சொன்ன பிறகு என்ன? மேலே சனி நின்றுகொண்டிருக்கிறாரே என்கிற உறுத்தல் இருந்தாலும், பெரியவர் வாக்கு. டிக்கெட்டும் கேன்சல் பண்ணவில்லை. "தாரணி, ஓடி வா, வந்து கேளு" என்று கூப்பிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். எழுந்து போய்ப் பார்த்தால் பெட்டி இல்லை. புளிக்காய்ச்சல் பாட்டிலும் இல்லை. வாசலில் இசக்கியம்மாளின் ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது, வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. அதுவே சந்தேகம்தானே? குற்றம் செய்யாதவர் ஏன் என்று கேட்டிருப்பார். மார்கழியில் வீடு மாற்றக்கூடாது என்பதால் தை பிறக்கிறவரை இருந்துகொள்ளுங்கள் என்று நானேதான் சொன்னேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்த நாட்களில் அவரும் நானும் பேசிக்கொள்ளவில்லை. மேலே குழாயைத் தள்ளுகிற சத்தம் கேட்கும், கீழே நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். போகிற அன்றைக்குச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "சார், தாரணி போன் பண்ணுனா எடுத்துப் பேசுங்க. பிள்ளை அங்கன தனியா இருக்கு" என்று மட்டும் சொன்னார். எனக்குப் புத்தி சொல்கிறார், பாருங்கள்.

போன் எடுக்காமல் இல்லை. தினமும் சாயங்காலம் அடிக்கிறாள், நானும் எடுக்கிறேன். பேசுவதில்லை, அவ்வளவுதான். அவள் பாட்டுக்குப் பேசுவாள். குளிர் அதிகம் என்பாள். ஹாஸ்டலில் சப்பாத்தி காய்ந்த தோல் மாதிரி இருக்கிறது என்பாள். புளிக்காய்ச்சல் தீர்ந்துவிட்டது என்பாள். கடைசியில், அப்பா நான் மாடியில்தான் நிற்கிறேன், இங்கேயும் சனி தெரிகிறது, அதே சனிதான், நீங்களும் பாருங்க என்பாள். என்னை மறுபடியும் பார்க்க வைக்கிற தந்திரம் அது. நான் வைத்துவிடுவேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என்னை நியாயம் இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கேட்டாளே என்று அந்த டிவியைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டாண்டிலிருந்து இழுத்து, பின்பக்கம் முழுவதும் டார்ச் அடித்துச் சோதித்தேன். தூசி இருந்தது. ஒரு பல்லி முட்டை இருந்தது. ரிப்பேருக்குக் கூப்பிடுகிற நம்பர் ஒட்டியிருந்தது. வேறு ஒரு கோல்மாலும் இல்லை. என் கையாலேயே சோதித்துவிட்டேன்.

வாருங்கள், மொட்டை மாடியையும் பார்த்துவிடுங்கள். இந்த நேரத்துக்கு நான் எப்படியும் ஏறி வருவேன். துணி காயப்போட இங்கே கொடி கட்டிக்கொள்ளலாம். பார்த்து வாருங்கள், அந்தச் சாக்பீஸ் கோட்டை மிதித்துவிடாதீர்கள். மழை பெய்தால் அழிந்துவிடும் என்று இரண்டு தடவை மேலேயே போட்டிருக்கிறேன். இந்த மூன்று வட்டம் அந்தக் குழாயின் கால் நின்ற தடம். தேய்த்தால் போய்விடும், தேய்க்க நேரம் இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வெளியாள், உங்களுக்கு இதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. அந்த டேங்கைப் பாருங்கள். மூடிக்கு மேலே புள்ளி இருக்கிறதா? இல்லை. டேங்குக்கு எவ்வளவோ கீழே, அந்த வேப்பமரக் கொப்புக்குப் பக்கத்தில் பாருங்கள், மஞ்சளாக. அதுதான். அவள் போன மறுநாளிலிருந்து இறங்க ஆரம்பித்தார். ஒரே நாளில் தெரியாது, நாலு நாள் சேர்த்துப் பார்த்தால் தெரியும். டிவியில் ஒரு பாய்ச்சலில் முடிந்தது, இங்கே இத்தனை நாளாக நடந்துகொண்டே இருக்கிறது. இதுதான் உண்மையான பெயர்ச்சியா, இல்லை எல்லா வருஷமும் இப்படித்தான் இறங்குவாரா? அவள் போனதால் நகர்ந்தாரா, போகாவிட்டாலும் நகர்ந்திருப்பாரா? அந்த மஞ்சள் ஜிப்பாக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் பார்க்கிறேன், ஒரு வார்த்தை இல்லை. கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஆளை நான் காலி பண்ணச் சொல்லிவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் மரத்துக்குப் பின்னால் போய்விடுவார், அப்புறம் சோதிக்கவும் முடியாது.

குழாய் இல்லை என்றுதானே சொன்னீர்கள்? நிச்சயமாக இல்லையா? சின்னதாகக்கூட?

சரி, விடுங்கள். உங்களுக்கு வீடு பிடித்திருந்தால் கீழே போய்ப் பேசிக்கொள்ளலாம்.

ஒரு நிமிஷம். போன் அடிக்கிறது. அவள்தான், இது அவள் நேரம். நீங்கள் அந்தச் சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள் தம்பி, நேராகப் பார்க்காதீர்கள், உங்களுக்கு எதற்கு. எனக்கு ஆனது ஆகிவிட்டது. நான் இந்தக் கோட்டுக்குள் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

ஹலோ.

ம்.

ம், தெரியுது. டேங்குக்குக் கீழ, வேப்பமரத்துகிட்ட.

உனக்கு?